நான் செத்துப்போன செப்டம்பர்

ஆகஸ்ட் 19, வெள்ளி

இந்த வருஷத்தின் முதல் குடைமிளகாய் லாரி காலையில் வந்தது. நல்ல சிவப்பு, தோல் கனம். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், சாறு சட்டையில் ஒழுகியது, என் மனைவி நெவேனா திட்டினாள். இதுவரை எல்லாம் வழக்கம்போல.

சாயங்காலம் கோச்செவின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. இந்த மாவட்டத்தில் ஆளுங்கட்சி என்றால் கோச்செவ்தான். அவன் சரி என்று சொல்லாமல் எங்கள் ஊரில் நடைபாதைக் கல்கூட மாறாது. மேசையில் ஜனாதிபதித் தேர்தல் பேச்சு வந்தது. மூன்று கட்சியும் மூன்று மரப்பாச்சிகளை நிறுத்துகிறார்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கோச்செவ் என் தோளில் கையைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ரங்கெல் அண்ணே, நீங்க தொக்கு கிண்டுங்க. நாட்டை நாங்க கிண்டிக்கிறோம்" என்றான். மேசையே குலுங்கிச் சிரித்தது.

பல்கேரியாவில் பாதி வீட்டு அலமாரியில் என் தொக்குப் புட்டி இருக்கிறது, ஒவ்வொரு மூடியிலும் என் முகம் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப நானே நிக்கிறேன். சுயேச்சையா" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

காரில் நெவேனா எத்தனை ராக்கியா குடித்தாய் என்று கேட்டாள். இரண்டுதான் என்றேன். அந்தப் பதவியில் என்ன இருக்கிறது, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கை கொடுத்துக் கம்பளத்தில் நடக்க வேண்டும், அதிகாரம் துளிகூடக் கிடையாது என்றாள். தெரியும் என்றேன். அப்புறம் எதற்கு என்றாள்.

அதற்குப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த ஊரில் ஒருத்தன் கோச்செவைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான் என்று இருக்கட்டும். இது ஒரு காரணமா? எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 23

சோஃபியாவிலிருந்து தெயான் வந்தான். தேர்தல் ஆலோசகனாம். வியன்னாவில் படித்தவன், கணுக்கால் தெரிகிற கால்சட்டை, காலுறை கிடையாது. ஆனால் கெட்டிக்காரன்.

சுயேச்சைக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, இரண்டாயிரத்து ஐந்நூறு வாக்காளர் கையெழுத்து, அடையாள எண்ணோடு. இரண்டு, துணை ஜனாதிபதிக்கு ஓர் ஆள். ஜோடியாகத்தான் நிற்க முடியும். அதற்கு ஓய்வுபெற்ற தளபதி ஒருவரைப் பேசி வைத்திருக்கிறானாம், மார்பு நிறையப் பதக்கம். கையெழுத்துக்கு வழி சுலபம் என்றான்: தொழிற்சாலையில் ஒரு மதியம் போதும்.

முடியாது என்றேன். என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் கையெழுத்து ஒன்றுகூட வேண்டாம். கழுத்தைப் பிடித்து வாங்கினான் என்று கோச்செவ் முதல் நாளே சொல்வான். ஊர்க்காரன் போடட்டும். ஊருக்கு என்னைத் தெரியாதா?

ஆகஸ்ட் 30

லாரிக்குப் பின் லாரி. தெயான் ஏதோ சுவரொட்டிப் படம் அனுப்பினான். கண்ணாடி இல்லாமல் போனில் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, அடி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 3, சனி

எங்கிருந்து தொடங்குவது?

விடிவதற்கு முன் மலைப்பக்கம் குளிர்கிடங்கு பார்க்கப் போனேன். அங்கே போன் எடுக்காது. மதியம் தாண்டித் திரும்பினால் என் வீட்டுக் கதவில் கறுப்புத் துணி தொங்குகிறது. முற்றம் முழுக்க ஆள். மேசைமேல் கிண்ணம் கிண்ணமாகச் செத்தவனுக்குப் படைக்கிற அவித்த கோதுமை, சர்க்கரையும் வால்நட்டும் தூவி. பூக்கள் எல்லாம் இரண்டு, நான்கு, ஆறு. செத்தவனுக்கு இரட்டைப்படை, உயிரோடு இருப்பவனுக்கு ஒற்றைப்படை. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பார்த்தவுடன் நெவேனாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே போட்டாள். கூட்டம் விலகியது. நெவேனா கறுப்பு உடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

சுவரொட்டி! தெயான் அடித்த அந்தச் சுவரொட்டி! வெள்ளைத் தாள், கறுப்புச் சட்டம், கறுப்பு வெள்ளையில் என் படம், கீழே பெயர், அதற்கும் கீழே "என்றும் நம்மோடு". வியன்னாவில் அது அழகாக இருக்குமோ என்னவோ. இங்கே செத்தவனுக்கு ஒட்டுகிற அறிவிப்பு அப்படியே அதுதான், அச்சு அசல். ராத்திரியோடு ராத்திரியாக ரொட்டிக்கடைக் கதவு, பேருந்து நிறுத்தம், சதுக்கத்து மரம் என்று சாவு அறிவிப்பு ஒட்டும் இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். நெவேனா எனக்கு எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறாள். மேலாளர் மித்கோவைக் கூப்பிட்டிருக்கிறாள், அவனும் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தான். மலைப் பாதையில் கார் கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சேர்த்துவிட, அதற்கு அப்புறம் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எல்லோரும் போனபின், "காலையிலேருந்து நான் விதவையா இருந்தேன்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதே. அந்தப் பதவிக்காக உன்னை ஒரு தடவை புதைச்சாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. நிக்கிறதுன்னா நில்லு. நான் கூட வரமாட்டேன். கையெழுத்தும் போடமாட்டேன்."

மாடி அறைக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 4, ஞாயிறு

நாடே சிரிக்கிறது. தனக்கே சாவு அறிவிப்பு ஒட்டிக்கொண்ட தொக்கு முதலாளி என்று காலைச் செய்தியில் முதல் இடம். தெயான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான், உடனே ஆள் விட்டுக் கிழிக்கச் சொல்கிறேன் என்றான். கிழிக்காதே என்றேன்.

ஏனென்றால் மித்கோ வந்து நேற்று யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ரொட்டிக்கடைக்காரன் தேம்பித் தேம்பி அழுதானாம், இப்படி ஒரு மனுஷன் இனி பிறக்கமாட்டான் என்றானாம். பாதிரியார் ஊரின் தூண் சாய்ந்தது என்றாராம். பள்ளித் தலைமையாசிரியை, மருந்துக்கடைக்காரர், எல்லோரும். இதெல்லாம் கிடக்கட்டும், கோச்செவ் மலர்வளையம் அனுப்பியிருக்கிறான்! ஊதா நாடா, தங்க எழுத்து: "ஈடு செய்ய முடியாத இழப்பு." அதை எடுத்து என் அலுவலகச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. ஆற்றோரம் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் வெலிச்கா. பூ இல்லை, கோதுமை இல்லை, வெறுங்கையோடு கதவுக்கு வந்து, "செத்துட்டானா? நல்லது. இனியாவது ஆறு ஆறா ஓடும், என் வாத்துங்க சிவப்பா அலையாது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். மிளகாய் கழுவின தண்ணீர் ஆற்றில் போகிறதாம். மிளகாய்த் தண்ணி! விஷமா அது?

அவளை விடு. ஊர் என்னை இவ்வளவு நேசிக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், முற்றத்தில் நின்றவர்கள் வீட்டுக்கு இருவர் போட்டாலே பாதிக் கையெழுத்து ஆயிற்று.

செப்டம்பர் 6

ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டேன். பத்திரிகைக்காரன் ஒருத்தன், செத்தவர் எப்படிப் போட்டியிடுவார் என்று கேட்டான். "என் சாவுக்கு வந்தவங்க எல்லாரும் நல்லதுதான் சொன்னாங்க. மத்த வேட்பாளருங்களும் ஒரு தடவை செத்துப் பாக்கட்டும், தெரியும்" என்றேன். இப்போது சிரிப்பு என் பக்கம்.

நெவேனா தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள்.

செப்டம்பர் 10, சனி

சதுக்கத்து மரத்தடியில் மேசை போட்டோம். தெயான், இரண்டு பெண்கள், பேனாக்கள், நான்.

ஊரே வந்தது. கையைப் பிடித்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், நூறு வருஷம் இருப்பாய் என்றார்கள். ரொட்டிக்கடைக்காரன் சூடான பானிட்சா ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தான், உள்ளே பாலாடைக்கட்டி ஒழுகுகிறது. சாப்பிட்டேன். பேனாவை நீட்டினேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றான். இன்னொருத்தனுக்கு அடையாள அட்டை காலாவதி. தலைமையாசிரியைக்குத் தன்னுடைய எண் மறந்துவிட்டதாம். எண்! முப்பது வருஷம் கணக்கு வாத்தியார்! பாதிரியார் திருச்சபை அரசியலில் இறங்காது என்றார். கோச்செவின் டிராக்டர் நிலையத் திறப்பு விழாவுக்குப் போய்ப் புனித நீர் தெளித்தது யாராம்?

இருட்டும்வரை உட்கார்ந்து பதினொரு கையெழுத்து. அதில் இரண்டு என்னைக் கேலி பண்ணுவதற்குப் போட்டது.

இவனுங்களுக்கு என்னதான் வேணும்? செத்தா அழுவானுங்க, உசுரோட வந்து நின்னா கண்ணாடி இல்லையாம். நான் பேசாம செத்தே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 11, ஞாயிறு

காலையில் நெவேனா காப்பியை என் முன்னால் வைத்தாள். இத்தனை நாளில் அவளாகப் பேசியது இதுதான். "செத்தவனைப் பத்தி யாராவது கெட்டது சொல்வாங்களா, ரங்கெல்? நீயே கோச்செவோட அப்பா செத்தப்ப மகான்னு சொன்னே. அதைப் போய் ஓட்டுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கே."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. சொன்னது சரி. அழுகிறவனுக்கு என்ன செலவு? கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கோச்செவின் ஆள் கடைக்கு வந்து அடுப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்பான். ரொட்டிக்கடைக்காரனைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பானிட்சாவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் மேசையைப் போட்டேன். போடாமல் விட்டால் கோச்செவ் சிரிப்பான்.

யாரும் வராத மேசைக்கு மதியம் வெலிச்கா வந்தாள். ஐம்பது சொச்சம் வயது, முன்கையில் முடிச்சாயக் கறை, வாயில் அணைந்த சிகரெட்.

"என் சாவுக்கு வந்து நல்லதுன்னு சொன்னவ நீதானே?" என்றேன்.

"ஆமா. இப்பவும் சொல்வேன். பேனா எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா, காது குடையவா? கையெழுத்துப் போட." குனிந்து எண்ணை மனப்பாடமாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "நீ நல்லவன்னு போடலே. உன் தொழிற்சாலை கேட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். வந்து கத்தலாம். மத்தவனுங்களுக்குக் கேட்டு எங்க இருக்கு?" என்றாள்.

போய்விட்டாள். தெயான் என்னைப் பார்த்தான், நான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

செப்டம்பர் 15

மேசையை மடித்து வைத்துவிட்டோம். இப்போது நான் வீடு வீடாகப் போகிறேன், அதுவும் என்னைத் திட்டுகிறவர்கள் வீடாகப் பார்த்து. மித்கோவுக்கு எல்லோரையும் தெரியும். நான் வேலையைவிட்டு அனுப்பிய லாரி ஓட்டுநர். அழுகல் என்று சொல்லி நான் திருப்பி அனுப்பிய மிளகாய் விவசாயி. புகைபோக்கிக்கு எதிர் வீட்டில் வெள்ளைத் துணி காயப்போட முடியாத கிழவர். போய்க் கதவைத் தட்டி, "நான்தான் ரங்கெல். திட்டுங்க" என்கிறேன்.

திட்டுகிறார்கள்! அந்த ஓட்டுநர் அரைமணி நேரம் மூச்சு விடாமல் திட்டினான், என் செத்துப்போன மாமியாரைக்கூட விடவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, டீசல் திருடினதைச் சொன்னேன். அவன் மனைவி இருவருக்கும் ராக்கியா ஊற்றினாள். கடைசியில் அவன் கையெழுத்துப் போட்டான், மனைவி போட்டாள், மச்சானைப் போனில் கூப்பிட்டு அவனையும் வரச் சொன்னான். இது எந்தப் புத்தகத்திலும் இல்லையே சார் என்கிறான் தெயான். இப்போது காலுறை போட்டுக்கொள்கிறான், நிறைய நடப்பதால்.

பக்கத்து ஊர்களுக்கும் பேச்சுப் பரவிவிட்டது. ஆயிரத்தைத் தாண்டிவிட்டோம். என்னைத் திட்ட இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறதா? கொஞ்சம். அதைவிடக் குஷியாக இருக்கிறது.

செப்டம்பர் 17, சனி

கோச்செவ் அலுவலகத்துக்கே வந்தான். சுவரில் தன் மலர்வளையத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்துவிட்டு உட்கார்ந்தான்.

அண்ணே அண்ணே என்று தேனாகப் பேசினான். நான் விலகிக்கொண்டால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் என் தொக்குதான். விலகாவிட்டால்? கால்மேல் கால் போட்டு, "உங்க மிளகாய்த் தண்ணி ஆத்துல போறது எங்களுக்குத் தெரியாதா அண்ணே? உங்க மேல இருந்த மரியாதையில கண்ணை மூடிக்கிட்டு இருந்தோம். கண்ணு எப்ப வேணா திறக்கும். சீசன் நடுவுல திறந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான்.

போகும்போது, தளபதி உடம்பு சரியில்லை என்று விலகப்போகிறார், தெரியுமா என்றான். அரைமணியில் தெயானுக்குத் தளபதியின் போன் வந்தது. முதுகுவலியாம். பதக்கத்தின் கனமாக இருக்கும்.

செப்டம்பர் 19

தூங்கவில்லை. காலையில் யாரிடமும் சொல்லாமல் ஆற்றோரம் நடந்து போனேன். கழிவுக்குழாய் வாய்க்குக் கீழே தண்ணீர் சிவப்பு. ஓரத்தில் நுரையும் விதையும் தோலும் மூக்கைத் துளைக்கிற புளிப்பு நாற்றமும். வெலிச்காவின் வாத்துகள் வயிறுவரை இளஞ்சிவப்பாக நின்றன. ஒன்றும் தண்ணீரில் இறங்கவில்லை.

கடைசியாக நான் இந்தப் பக்கம் வந்தது எப்போது? நினைவில்லை.

எனக்குக் கோச்செவ் மேல்தான் ஆத்திரம். ஆறு நாறினது இத்தனை வருஷமா அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அதை நாளைக்குத் தேவைப்படும்னு பத்திரமா எடுத்து வச்சிருந்தான். நான்? நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன்.

தொழிற்சாலையை அவன் பூட்டினால் அவன் பூட்டினதாக இருக்கும். நான் பூட்டினால்?

செப்டம்பர் 20, செவ்வாய்

கழுவும் கூடத்தை மூடிவிட்டேன். நானே. காலை ஷிப்டு முன்னால் வால்வை அடைத்துப் பூட்டைப் போட்டேன். வடிகட்டுகிற தொட்டி கட்டி முடிக்கும்வரை திறக்காது. சம்பளம் எல்லோருக்கும் உண்டு, கைகாலில் தெம்பிருப்பவன் தொட்டிக்குப் பள்ளம் தோண்டட்டும்.

மித்கோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "பைத்தியமா முதலாளி? வெளியில பத்து லாரி நிக்குது. கழுவாம என்ன பண்றது? நாலு நாள்ல அழுகிடும்."

வருஷம் முழுக்கச் சம்பாதிப்பது இந்த ஆறு வாரத்தில். அது அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

"ஊருக்குக் குடு" என்றேன்.

சதுக்கத்தில் மிளகாயை லாரி லாரியாகக் கொட்டிவிட்டோம். வேண்டியவன் வேண்டியதை அள்ளிக்கொண்டு போகட்டும். தெயான் ஓடிவந்து, சார், மேசையை இங்கே போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றான். மிளகாய் வாங்க வந்தவனிடம் கையெழுத்துக் கேட்டால் கையை முறித்துவிடுவேன் என்றேன். என் பெயர் போட்ட ஒரு தாள்கூட அங்கே இருக்கக் கூடாது. இன்றும் நாளையும் கையெழுத்து வேட்டை கிடையாது. லஞ்சம் என்ற வார்த்தையைக் கோச்செவ் வாயில் போட நானே எடுத்துக் கொடுப்பேனா?

செப்டம்பர் 21

ஊர் முழுக்க மிளகாய் சுடுகிறது. எங்கள் ஊரில் மிளகாய் சுடும் மின்னடுப்பு இல்லாத வீடு இல்லை, இன்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஆற்றுத் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. யாரும் வீட்டுக்குள் போகவில்லை. விறகைப் போட்டு முற்றத்தில் தகரத்தை வைத்துச் சுட்டார்கள். தொழிற்சாலையில் இருபது வருஷமாக மிளகாய் வாசனையில்தான் இருக்கிறேன், இது வேறு வாசனை.

ரொட்டிக்கடைக்காரன் நான்கு பெட்டி எடுத்துக்கொண்டு போனான். என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை.

நெவேனா போனதும் வந்ததும் தெரியாது, முற்றத்தில் இரண்டு பெட்டி இருந்தது. கறுத்த தோலை உரித்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் கரி. நானும் உட்கார்ந்து உரித்தேன். "வால்வை நீயே மூடினியாமே" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலையணை இன்னும் மாடியில்தான்.

செப்டம்பர் 24

அதிகாரிகள் சீல் வைக்க வந்தார்கள், கூடவே ஒளிப்படக்காரர்கள். பூட்டின கூடத்தில் எதை வைத்து என்ன சீல்? பள்ளம் தோண்டுகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் 27

கையெழுத்து நிறைந்துவிட்டது. இருநூறு அதிகமாகவே. ஆனால் துணை ஜனாதிபதி இடம் காலி.

பேராசிரியர் ஒருவர் யோசிக்க நேரம் கேட்டார். நடிகை ஒருத்தி பயந்து போனை எடுக்கவில்லை. ஒரு பழைய மந்திரி வருகிறேன் என்றார், என்ன தருவாய் என்றும் கேட்டார். கெடு திங்கட்கிழமை.

சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வெலிச்கா துணியைக் கழுத்தில் இறுக்கமாகக் கட்டினாள். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். தெளிய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் வாத்துகளுக்கு உன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றாள். காதுக்குப் பக்கத்தில் கத்தரி இருக்கும்போது சொன்னேன்: "என்கூட நில்லு. துணை ஜனாதிபதியா."

கத்தரி நின்றது. கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்தாள், குடித்திருக்கிறேனா என்று. "என் வாத்தை யாரு பாப்பா?" என்றாள்.

"நான் ஒரு ஆள் போடறேன்."

"உன் ஆள் வேணாம். என்ன பேசணும், என்ன பேசக் கூடாதுன்னு எனக்கு எழுதிக் குடுப்பியா?"

"மாட்டேன்."

"உன்னைப் பத்தியும் பேசுவேன்."

"தெரியும்."

மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டவில்லை. வெட்டி முடித்துத் துணியை உதறிவிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டாள்.

அக்டோபர் 3, திங்கள்

வேட்புமனுவைக் கொடுத்துவிட்டோம். சோஃபியாவில் தேர்தல் ஆணையத்து எழுத்தர் தொழில் என்ற இடத்தில் 'முடி திருத்துபவர்' என்று படித்துவிட்டு இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். வெலிச்கா அவரிடம், உங்களுக்கும் பின்கழுத்தில் வெட்ட வேண்டியிருக்கிறது என்றாள்.

இனிப் பின்வாங்க முடியாது. நிற்கிறேன். ஜெயிப்பேனா? தெயானின் கணக்குப்படி ஐந்தாவது இடம். தெயானின் கணக்குப்படிதான் நான் ஒரு தடவை செத்தேன்.

நெவேனா வரவில்லை. வரமாட்டேன் என்று சொன்னவள் வரவில்லை, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆணையத்துப் படியிறங்கும்போது, ஒருவேளை வந்திருப்பாளோ என்று திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 12, புதன்

இன்று எங்கள் ஊரில் முதல் கூட்டம். சினிமா கொட்டகையில். பாதிதான் நிரம்பியது. ரொட்டிக்கடைக்காரன் கடைசி வரிசையில், தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தான் அல்லவா, அது போதும்.

வெலிச்கா பேச ஆரம்பித்தாள். முதல் கால்மணி நேரம் என்னைத்தான் திட்டினாள், ஆற்றில் தொடங்கி. நான் மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகை சிரித்தது, நானும் சிரித்தேன். இந்தச் சிரிப்பு கோச்செவ் மேசையில் கேட்ட சிரிப்பு இல்லை.

அப்போது நடுப்பாதையில் நெவேனா வந்தாள். நான் செத்த அன்றைக்கு உடுத்திய அதே கறுப்பு உடை. கையில் துணி மூடிய கிண்ணம். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடை ஏறி வந்து கிண்ணத்தை என் முன்னால் வைத்துத் துணியை எடுத்தாள். அவித்த கோதுமை, சர்க்கரை, வால்நட்.

"இன்னியோட நாப்பதாம் நாள்" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நாப்பதாம் நாள் விதவை படைக்கணும்ல. படைச்சிட்டேன். இத்தோட முடிஞ்சது."

அவள் கைப்பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய பூக்களை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, வெலிச்காவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

வெலிச்கா விட்ட இடத்திலிருந்து மறுபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். நான் மேசைக்குக் கீழே காகிதத்தை மெதுவாகப் பிரித்தேன். சிவப்புக் கார்னேஷன். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

மூன்று.